குறி வைக்கும் கை

வீடியோ விளையாட்டில் குறி வைப்பதற்குக் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் சிறந்ததா, கையையே அசைத்துக் குறி பார்க்கச் செய்யும் ஜைரோ முதலிய சாதனங்கள் சிறந்தவையா என்ற வினா, ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக விளையாடுவோர் கூடும் இடந்தோறும் எழுந்து, அவரவர் பழக்கத்தையே பிரமாணமாகக் கொண்டு தீர்ப்புச் சொல்லப்பட்டு, மறுநாள் மறுபடியும் எழுந்துகொண்டிருக்கிறது. ஸ்டிக்கில் வளர்ந்தவர், அசைத்து விளையாடுவது குழந்தைகளின் வேடிக்கை என்கிறார். ஜைரோவில் தேர்ந்தவர், யந்திரத்தின் தயவு இல்லாவிட்டால் ஸ்டிக்கால் ஒரு குண்டும் குறியில் விழாது என்கிறார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், அசைவுக் கட்டுப்பாடு என்ற ஒரே பெயருக்குள் முற்றிலும் வேறான இரண்டு முறைகள் அடங்கியிருப்பதையும், அவற்றுள் ஒன்றின் குறையை மற்றொன்றின் தலையில் ஏற்றித் தாம் பேசிக்கொண்டிருப்பதையும் இருவரும் கவனிப்பதில்லையாகையால், வழக்கு முடிவதேயில்லை. இவ்விஷயத்தில் நான் கொண்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் பார்க்க வேண்டியது, கை யந்திரத்துக்கு இடத்தைச் சொல்கிறதா, வேகத்தைச் சொல்கிறதா என்பதைத்தான், சாதனம் அசைகிறதா, அசையாமல் இருக்கிறதா என்பது அதற்கு அடுத்தபடியான விஷயம்.

ஒரு குடத்தில் கழுத்தளவுக்குத் தண்ணீர் பிடிப்பதை எண்ணிப் பாருங்கள். செம்பால் மொண்டு ஊற்றினால், ஊற்றிய அளவுக்கு மட்டம் உயரும். கை நின்றால் மட்டமும் நிற்கும். குழாயடியில் குடத்தை வைத்துத் திருகைத் திறந்தாலோ, நம் கையின் அதிகாரம் நீர் விழும் வேகத்தோடு முடிந்துவிடுகிறது; மட்டம் தன்போக்கில் ஏறிக்கொண்டே இருக்க, அது கழுத்தைத் தொடும் தருணத்தை முன்கூட்டியே கணித்துத் திருகை மூடவேண்டும்; முந்தினால் குறையும், பிந்தினால் வழியும். கண்ட்ரோலரின் வலப்பக்கத்து ஸ்டிக் இந்தத் திருகைப் போன்றது. அதை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகமாகக் காட்சி திரும்பும். எவ்வளவு தூரம் திரும்பும் என்பது, சாய்த்த அளவையும் சாய்த்திருந்த காலத்தையும் சேர்த்துப் பெருக்கினால்தான் தெரியும். அந்தப் பெருக்கலை விளையாடுகிறவனின் மனம் கணந்தோறும் செய்துகொண்டிருக்க வேண்டும். மவுஸும் ஜைரோவும் செம்பின் இனம். கை நகர்ந்த அளவே குறி நகர்ந்த அளவு. கை நின்றால் குறியும் நின்றுவிடும்.

இதற்குச் சாஸ்திரத்தின் ஆதரவும் உண்டு. வீடியோ விளையாட்டு என்ற சொல்லே பிறவாத 1899ஆம் ஆண்டில், அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் உட்வொர்த், மனிதன் ஓர் இலக்கை நோக்கிக் கையைச் செலுத்தும்போது, இலக்கின் அருகே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு பெருவீச்சு முதலிலும், கண் பார்க்கப் பார்க்கக் கை செய்துகொள்ளும் சிறு திருத்தம் அதன் பின்னுமாக, இரண்டு கட்டங்கள் இருப்பதை ஆராய்ந்து காட்டினார். முன்னதை ஸ்தூல அசைவு என்றும் பின்னதைச் சூட்சும அசைவு என்றும் அழைத்துக்கொள்வோம். 1954இல் பால் ஃபிட்ஸ், ஒரு கோலைக் கையில் கொடுத்து இரண்டு தகடுகளை மாறிமாறித் தட்டச் சொல்லி அளந்து, இலக்கு தூரமாகத் தூரமாகவும் சிறுக்கச் சிறுக்கவும் அதை எட்டும் காலம், தூரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் லாகரிதத்தைப் பின்பற்றி வளர்கிறது என்று ஒரு சூத்திரம் வகுத்தார். 1978இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்டு, இங்கிலிஷ், பர் ஆகிய மூவர், திரையில் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு மவுஸையும், வேகத்தை ஆளும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும், இருவகை விசைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மவுஸே எல்லாவற்றிலும் விரைவானது என்றும், அதன் விரைவு கையும் கண்ணும் இயல்பாகச் செய்யவல்ல விரைவை ஏறக்குறைய எட்டிவிட்டது என்றும் கண்டார்கள். இம்மூவருள் இங்கிலிஷ், டக்ளஸ் எங்கல்பார்ட்டின் எண்ணத்துக்கு வடிவங்கொடுத்து 1964இல் முதல் மவுஸைச் செய்தவர். நம் வழக்கின் ஒரு பாதி, வழக்கு எழுவதற்கு வெகுகாலம் முன்பே, ஓர் அலுவலக மேஜையின்மீது விசாரிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

மற்றப் பாதிக்கு விளையாட்டின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்பட்ட முதல் யந்திரமாகிய மேக்னவாக்ஸ் ஒடிஸிக்கு 1972லேயே ஒரு துப்பாக்கி தனியாக விற்கப்பட்டது. எந்த வெளிச்சத்தைக் கண்டாலும் குறி விழுந்ததாகக் கொள்வது அதன் இயல்பு. அக்குறையை நீக்கியது, நின்டெண்டோ நிறுவனம் 1984இல் ஜப்பானிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் வெளியிட்ட துப்பாக்கி. அதைக் கொண்டு ஆடும் டக் ஹன்ட் என்ற வாத்து வேட்டையில், விசையை இழுத்தவுடன் திரை முழுதும் ஒரு கணம் இருண்டு, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றி மறையும். விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமே நிற்கும் அந்த வெண்மையைத் துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி கண்டால் வாத்து விழும். இரண்டு வாத்துகள் பறந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சதுரங்கள். இருட்டிலும் வெளிச்சம் கண்டால், விளையாடுகிறவன் அறை விளக்கைக் குறிபார்க்கிறான் என்று யந்திரம் தெரிந்துகொள்ளும். பழைய குழாய்த் தொலைக்காட்சி படத்தை வரையும் முறையையே நம்பிய இந்த உபாயம் இன்றைய தட்டைத் திரையில் பலிப்பதில்லை. ஆயினும் நம் விசாரணைக்கு முக்கியமானது வேறொன்று: அந்த விளையாட்டில் காட்சி அசையாமல் நின்றது. புல்லும் மரமும் வானமும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றினூடே பறக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் போதும்.

1993இல் வந்த டூமும் 1996இல் வந்த குவேக்கும் அந்த நிலைமையை அடியோடு மாற்றிவிட்டன. திரை அங்கே விளையாடுகிறவனின் கண்ணாயிற்று. குறியீடு திரையின் நட்டநடுவே நிலைத்து நிற்க, அதன்கீழ் உலகம் சுழன்று வந்து நின்றது. எதிரியைச் சுடுவதற்கு அவனைச் சுட்டிக் காட்ட வேண்டியதில்லை. அவன் பக்கம் திரும்ப வேண்டும். சுட்டுதல் என்ற தொழில் திரும்புதல் என்ற தொழிலாக மாறிய இந்தச் சம்பவத்தின் முக்கியத்துவத்தை, பின்னால் வந்த சாதனங்களைச் செய்தவர்களுள் பலர் உணரவில்லை என்றே நான் கருதுகிறேன்; அவர்களுடைய தோல்விகளில் பாதிக்கு இதுவே காரணம். குவேக் ஆடியவர்கள் விசைப்பலகையில் நடந்து, மவுஸால் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். மவுஸைத் தள்ளிய அளவுக்குத் தலை திரும்பும். மேஜை விளிம்பு வந்துவிட்டால் தூக்கி மறுபடி நடுவில் வைத்துத் தள்ளலாம். அந்த முறையை மிஞ்சிய ஒன்றைக் கணினியில் விளையாடுவோர் இன்றுவரை தேடவும் இல்லை.

தொலைக்காட்சியின் முன் தரையிலும் சோபாவிலும் உட்கார்ந்து ஆடுகிற வீட்டில் மவுஸுக்கு மேஜை ஏது? அங்கே ஸ்டிக் புகுந்தது. 1997இல் நின்டெண்டோ 64 யந்திரத்துக்கு வந்த கோல்டன்ஐ 007, ஒரே ஒரு ஸ்டிக்கைக் கொண்டு நடக்கவும் திரும்பவும் வைத்து, நுட்பமாகக் குறி பார்க்க வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு குறியீட்டைத் திரையில் நகர்த்தும்படி செய்தது. மற்ற வேளைகளில் எதிரியின் பக்கம் துப்பாக்கியை யந்திரமே சாய்த்துக்கொள்ளும். கைக்கு ஒன்றாக இரண்டு கண்ட்ரோலர்களைப் பிடித்து, இரண்டு ஸ்டிக்குகளோடு ஆடும் வழி ஒன்றும் அதன் அமைப்புகளுக்குள் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள், பின்னால் வரப்போவதை முன்னறிந்து ஆடினார்கள் எனலாம். அதே ஆண்டில் சோனி நிறுவனம் இரண்டு ஸ்டிக்குகளை ஒரே கண்ட்ரோலரில் வைத்தது. 2000இல் வந்த ஏலியன் ரெசரெக்‌ஷன், இடது ஸ்டிக்கில் நடப்பதும் வலது ஸ்டிக்கில் பார்ப்பதுமாக, இன்று உலகமே பின்பற்றும் முறையைக் கையாண்டபோது, அது ஆடுவதற்கே கடினமானது என்று விமர்சகர்கள் குறை கூறினார்கள். மறு ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த ஹேலோ, ஏறக்குறைய அதே முறையைக் கையாண்டு உலகத்தின் பாராட்டைப் பெற்றது.

ஓர் ஆண்டுக்குள் மனிதர்களின் கட்டைவிரல் மாறிவிடவில்லை. ஸ்டிக்குக்கு மறைவாக ஒரு துணையை ஹேலோ நியமித்திருந்தது. குறியீடு எதிரியின்மேல் வந்தவுடன் திரும்பும் வேகம் தானாகவே குறையும்; அவன் நகர்ந்தால் காட்சியும் அவனோடு கொஞ்சம் இழுபட்டுச் செல்லும்; குறி மயிரிழை தவறினாலும் குண்டு சற்றே வளைந்து போய்ப் பாயும். விளையாடுவோர் எய்ம் அசிஸ்ட் என்று சொல்வது இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். குடம் நிறையும் தறுவாயில், நம் கைக்கு மேல் இன்னொரு கை வந்து திருகை மெல்ல மூடுவது போன்ற உபகாரம் இது. இதை மோசடி என்று இகழ்வோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. ஸ்டிக் தன் முழு வேகத்துக்கும் ஓய்வுக்கும் இடையே நகரும் தூரம் ஒரு விரற்கடைக்கும் குறைவு. அதிலும், விரல் தொடாதபோது காட்சி தானாக நகர்ந்துவிடாதிருக்க, நடுவே கொஞ்ச இடம் உணர்ச்சியற்றதாக விடப்பட்டிருக்கிறது. மிஞ்சிய சொற்ப இடத்தில், மயிரிழை நகர்வு முதல் முழு வட்டத் திரும்பல்வரை எல்லாவற்றையும் ஒரு கட்டைவிரல் சொல்ல வேண்டுமென்றால், கேட்கிற யந்திரம் கொஞ்சம் குறிப்பறிந்து நடந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் மவுஸுக்காரரும் கண்ட்ரோலர்க்காரரும் ஒரே களத்தில் எதிரெதிரே நிற்கும் இக்காலத்தில், இந்த உதவி எவ்வளவு இருந்தால் நியாயம் என்பதற்கு ஒருவராலும் அளவு சொல்ல முடியவில்லை. குறைத்தால் ஒரு பக்கம் புலம்பல், கூட்டினால் மறு பக்கம் புலம்பல். எய்தது எவன், எய்வித்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கூட்டு முயற்சியில் அளவு சொல்வது எளிதன்று.

ஸ்டிக்கின் பெருமையையும் சொல்லாமல் விடுவது அநீதி. நடப்பதற்கு அதற்கு இணையான சாதனம் இன்னும் பிறக்கவில்லை. நடை என்பதே வேகத்தின் விஷயமாகையால், மெல்ல நடக்கவும் ஓடவும் வேகத்தைச் சொல்லும் கருவியே ஏற்றது. தொடுவானத்தை ஒரே சீராகச் சுற்றிப் பார்ப்பதற்கும், ஒரே வேகத்தில் ஓடுகிற ஒன்றைத் தொடர்ந்து பார்வையில் வைத்திருப்பதற்கும் அது தகுந்தது. படுத்துக்கொண்டும் சாய்ந்துகொண்டும், களைத்துப்போன கையோடும் ஆடலாம். உட்வொர்த்தின் முதற்கட்டமாகிய ஸ்தூல அசைவுக்கு அது குறைவில்லாத கருவி. சூட்சும அசைவில்தான் அது தடுமாறுகிறது.

இப்போது அசைவின் கதைக்கு வருவோம். 2006 நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட வீ என்ற யந்திரம், பத்துக் கோடிக்கு மேல் விற்று, உலகத்தின் பெரும்பகுதிக்கு அசைவுக் கட்டுப்பாடு என்பது இன்னது என்று முதன்முதல் காட்டிற்று. ரிமோட் வடிவிலான அதன் கண்ட்ரோலரின் முனையில், அகச்சிவப்பு ஒளியை மட்டும் காணும் ஒரு சிறு காமிரா உண்டு. தொலைக்காட்சியின் மேலோ கீழோ வைக்கும் பட்டைக்கு உணரி என்று பெயரே தவிர, அது எதையும் உணர்வதில்லை. இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத விளக்குகளை எரியவிடுவதே அதன் வேலை. காமிரா அந்த இரண்டு புள்ளிகளைக் கண்டு, தான் எங்கே நோக்குகிறது என்று கணக்கிட்டுக்கொள்ளும். பட்டையை எடுத்துவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்து நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். திரையில் கை வடிவான குறியீடு அடக்கமாக வந்து நின்றது. மின்விசிறியின் காற்றில் சுடர் அசைந்தபோது அதுவும் கொஞ்சம் அசைந்தது. கையிலிருந்து திரைக்கு ஒரு நேர்கோடு ஓடுவதை அன்றைக்குப் போல் நான் ஒருபோதும் உணர்ந்ததில்லை.

இந்த நேர்கோடு எங்கே இனித்தது, எங்கே கசந்தது என்பதில்தான் நம் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. 2007இல் வீக்கு வந்த ரெசிடென்ட் ஈவில் 4, இன்றும் அந்த விளையாட்டின் மிகச் சிறந்த வடிவங்களுள் ஒன்றாகப் பலரால் போற்றப்படுகிறது. காரணம் எளிது: அதில் துப்பாக்கியை உயர்த்தியவுடன் கதாநாயகன் நடையை நிறுத்திவிடுவான், காட்சி பெரும்பாலும் அசையாமல் நிற்கும், வாத்து வேட்டையைப் போல, நிற்கிற படத்தில் நகர்கிறவனைச் சுட்டினால் போதும். ஆனால், வீயோடு கூடவே வந்த ரெட் ஸ்டீல் போன்ற, ஓடிக்கொண்டே சுடும் விளையாட்டுகளில், சுட்டுகிற அதே கை திரும்பவும் வேண்டியிருந்தது. குறியீட்டைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் காட்சி அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கும். திரும்பும் வேகமோ, ஓரத்தை எவ்வளவு நெருங்கினோம் என்பதைப் பொறுத்தது. அதாவது, நடுவிலே செம்பு, ஓரத்திலே குழாய். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி. முதுகுப்புறம் எதிரி வந்துவிட்டால், கையைத் திரையின் ஓரத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, உலகம் சுற்றி முடியும்வரை காத்திருக்க வேண்டும். கை தளர்ந்து ரிமோட்டின் முனை திரையைவிட்டு விலகினால் காட்சி எங்கேயோ போகும். மெட்ராய்டு பிரைம் 3 எதிரியைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் வசதியால் இந்த இடரைப் பெரிதும் தணித்தது. ஆயினும் இடர் இடர்தான். 2010இல் சோனி கொண்டுவந்த, முனையில் ஒளிரும் உருண்டையுடைய மூவ் கோலும் சுட்டும் விளையாட்டுகளில் இதே சுவரில்தான் முட்டிற்று. திரும்புதலே குறியாகிவிட்ட காலத்தில், சுட்டுதலுக்கான கருவியைக் கொடுத்ததே பிழை. விளையாடுவோர் பிழையை அங்கே காணாமல், கையசைவுக்கே அந்தப் பழியைச் சுமத்திவிட்டார்கள். அந்தப் பழி இன்னும் முழுதும் நீங்கவில்லை.

ஜைரோ என்பது இந்தச் சுட்டுக்கோலின் தம்பியன்று. அதற்குக் காமிராவும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், திரை எங்கே இருக்கிறதென்று தெரியவும் வேண்டாம். பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 1852இல் ஜைராஸ்கோப் என்று பெயரிட்டது சுழலும் சக்கரத்துக்கு. இன்று கண்ட்ரோலருக்குள் இருப்பதோ, சிலிக்கானில் செதுக்கப்பட்டு ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் ஓர் அணுவளவான பொருள். கண்ட்ரோலரைத் திருப்பினால், கொரியோலிஸ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கிய விசையால் அந்த அதிர்வு பக்கவாட்டில் சற்றே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலை அளந்து, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்கிறது. கையின் திரும்பும் வேகத்துக்கு ஏற்றபடி காட்சியின் திரும்பும் வேகம் அமைவதால், கூட்டிப் பார்க்கும்போது, கை திரும்பிய கோணத்துக்கு ஏற்ற கோணமே காட்சியும் திரும்பியிருக்கும். கை நின்றால் காட்சியும் நின்றுவிடும். ஆகவே இது திரும்புதலுக்கே பிறந்த கருவி. மேஜை வேண்டாத மவுஸ்.

2011இல், கையடக்கமான 3டிஎஸ் யந்திரத்துக்குப் புதுப்பித்து வந்த ஆக்கரினா ஆஃப் டைம், கவட்டையாலும் வில்லாலும் குறி பார்க்கும்போது யந்திரத்தையே திருப்பிப் பார்க்கும் வழியைக் கொடுத்தது. ஆனால், கண்ணாடியணியாமலே ஆழம் காட்டிய அந்தத் திரை நேரே பார்த்தால்தான் ஆழம் தருமாகையால், குறி பார்க்கத் திருப்பினால் ஆழம் கலைந்துபோயிற்று. இதைத் தாண்டி, ஜைரோவின் முழு ஆற்றலை உலகுக்குக் காட்டியது 2015 மே மாதத்தில் வந்த ஸ்பிளாட்டூன். சாயம் பீய்ச்சும் துப்பாக்கிகளோடு தரையையும் சுவரையும் தம் நிறத்தால் நிரப்பப் போட்டியிடும் இந்த விளையாட்டில், ஜைரோ முதலிலிருந்தே திறந்து வைக்கப்பட்டிருந்தது. வேண்டாதவர்தாம் தேடிப்போய் மூட வேண்டும். வலது ஸ்டிக்கை இடவலமாகத் திரும்புவதற்கு மட்டும் வைத்து, மேல்கீழ் முழுவதையும் ஜைரோவிடம் ஒப்படைத்தார்கள். கை கோணிப்போய்விட்டால், ஒரு பொத்தானைத் தட்டினால் பார்வை நேராகிவிடும்; மவுஸைத் தூக்கி நடுவில் வைப்பதற்கு ஈடான செயல் அது.

நான் ஸ்டிக்கில் பழகிய கையோடு அதைத் தொட்டேன். முதல் நாள் குறி தள்ளாடிற்று; நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தபோதெல்லாம் காட்சியும் என்னோடு நிமிர்ந்தது; அதை மூடிவிட வேண்டும் என்று பத்துத் தடவையாவது நினைத்திருப்பேன். மூன்றாம் வாரத்தில் ஒரு சாயங்காலம், எதிரி ஒருவன் மேடைமேல் இருந்து குதித்தான். ஸ்டிக்கால் அவன் பக்கம் வீசித் திரும்பினேன். வீச்சு கொஞ்சம் கூடிப்போயிற்று. அந்த மிகையை என் மணிக்கட்டு, நான் ஏவாமலே, அரை விரற்கடை பின்னுக்கு வாங்கித் திருத்திக்கொண்டது. குறியில் பட்டதைவிட, திருத்தம் நிகழ்ந்ததை நான் நிகழ்ந்த பிறகே அறிந்தேன் என்பதுதான் எனக்கு வியப்பாயிருந்தது. ஸ்தூலத்தை ஸ்டிக்கும் சூட்சுமத்தை ஜைரோவும் பங்கிட்டுக்கொண்ட அந்தக் கணத்தில், எது சிறந்தது என்ற வினாவே எனக்கு அர்த்தமற்றதாகிவிட்டது. அந்த விளையாட்டில் முதல் வரிசையில் நிற்கும் போட்டியாளர்களுள் மிகப் பெரும்பாலோர் ஜைரோ வைத்தே ஆடுகிறார்கள் என்பது இங்கே கருதத்தக்கது.

இந்தப் பங்கீட்டை இன்னும் தூரம் கொண்டுசென்றவர்களும் உண்டு. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கண்ட்ரோலர் 2015இல் தடவுபலகையையும் ஜைரோவையும் சேர்த்தது. விற்பனை நீடிக்கவில்லையாயினும், 2022இல் வந்த ஸ்டீம் டெக்கில் அந்த எண்ணம் வேரூன்றியது. கட்டைவிரல் ஸ்டிக்கைத் தொட்டிருக்கும்போது மட்டும் ஜைரோ விழித்துக்கொள்ளும்படி அதில் அமைத்துக்கொள்ளலாம். ஜிப் ஸ்மார்ட் என்னும் நிரலாளர் பரப்பிய ஃபிளிக் ஸ்டிக் என்ற முறையோ, ஸ்டிக்கின் குழாய்த்தன்மையையே நீக்கிவிடுகிறது: எந்தத் திசையில் தள்ளினாலும் காட்சி அந்தத் திசைக்கே சட்டெனத் திரும்பி நிற்கும், முதுகுப்புறம் திரும்ப ஸ்டிக்கைப் பின்னே தள்ளினால் போதும், மற்றதெல்லாம் ஜைரோவின் பொறுப்பு. 2022இல் ஃபோர்ட்நைட் இதை ஏற்றுக்கொண்டது. மெய்நிகர் உலகுக்குள் தலையில் அணிந்து புகும் யந்திரங்களில் கை கையாகவே இருப்பதால் இந்த வழக்குக்கே இடமில்லை. ஆகவே அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜைரோவுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் சில மெய்யானவை. எந்த மனிதக் கையும் விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கிறது. தூரத்து இலக்கைப் பெரிதாக்கிப் பார்க்கையில் அந்த நடுக்கமும் பெரிதாகும். நோயால் நடுங்கும் கையுடையவர்க்கு ஸ்டிக்கே சரணம். கட்டைவிரலை நுட்பமாக அசைக்க முடியாதவர்க்கு, மாறாக, ஜைரோ ஒரு வரம். சும்மா வைத்திருந்தாலும் அளவு சிறுகச் சிறுக நழுவும் குறை ஜைரோவுக்கு உண்டு. அதனால் அவ்வப்போது கண்ட்ரோலரைச் சமதளத்தில் வைத்து நேர்ப்படுத்த வேண்டும். குலுங்கும் பேருந்தில் ஆடுகிறவனுக்கு அது உதவாது. பழக வாரக்கணக்கில் ஆகும். பழகுமுன் மூடிவிடுகிறவர்களே அதிகம்.

இவற்றைவிட வலிய தடை கருவிக்கு வெளியே இருக்கிறது. சோனியின் டூயல்ஷாக் 4 2013 முதலே மூன்று அச்சிலும் திரும்பலை உணரும் ஜைரோவைக் கொண்டிருக்க, அதே ஆண்டில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கண்ட்ரோலரிலும், 2020இல் வந்த அதன் வாரிசிலும் ஜைரோ இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு விளையாட்டைச் செய்கிறவர், ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் பயன்படுத்த மெனக்கெடுவதில்லை. கோடிக்கணக்கான வீடுகளில், கண்ட்ரோலருக்குள் அந்தச் சிலிக்கான் துகள் யாரும் கேளாமலே அதிர்ந்துகொண்டிருந்தது என்று நினைக்கையில் எனக்கு மெய்யாகவே வருத்தமாயிருக்கிறது. 2022இல் கால் ஆஃப் டியூட்டியின் மாடர்ன் வார்ஃபேர் 2 பிளேஸ்டேஷனில் ஜைரோவை ஏற்றது. ஏற்ற இடத்திலும் அது அமைப்புகளின் உள்ளறை ஒன்றில் மூடியே வைக்கப்பட்டிருந்தது. ஸ்பிளாட்டூன் திறந்து வைத்ததும் மற்றவை மூடி வைத்ததும் சிறு வேற்றுமையாகத் தோன்றும். பழக்கம் பிறப்பதும் பிறவாமல் போவதும் அந்த வேற்றுமையில்தான்.

கண்ட்ரோலரையே காணாத ஒரு தலைமுறை இதற்குள் வேறு வழியாக ஜைரோவை வந்தடைந்துவிட்டது. 2018இல் செல்போனுக்கு வந்த பப்ஜியில் ஜைரோவுக்கு மூன்று நிலைகள் உண்டு: முழுதும் மூடுவது, ஸ்கோப் வழியே பார்க்கும்போது மட்டும் திறப்பது, எப்போதும் திறந்தே வைப்பது. என் அக்காள் மகன் அதை ஆடும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி தொடர்ந்து சுடுகையில் அதன் உதைப்பால் குறி மேலே மேலே ஏறும். அவன் கைகளோ, செல்போனின் மேல்விளிம்பை அதே அளவுக்கு முன்னே சாய்த்துக்கொண்டே போயின. குறியீடு ஓர் ஆணி அடித்தாற்போல் எதிரியின் மார்பிலேயே நின்றது. அதைப் பற்றிக் கேட்டேன். "ஆல்வேஸ் ஆன்ல வெச்சிருக்கேன் மாமா. இல்லேன்னா ரீகாயிலை எப்படி இறக்கறது?" என்றான்.

அதை மூடிவிட்டு ஓர் ஆட்டம் ஆடச் சொன்னேன். கட்டைவிரலைக் கண்ணாடிமேல் கீழ்நோக்கி இழுத்து இழுத்து உதைப்பைச் சமாளித்தான். விரலும் கை நகர்ந்த அளவையே சொல்லும் கருவிதான். ஆனால் கண்ணாடியின் விளிம்பு சீக்கிரம் வந்துவிட்டது. விரலை எடுத்து மறுபடி வைக்கும் இடைவெளியில் குறி எகிறியது. அவன் விரலே எதிரியை மறைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்றொன்றை: ஜைரோ மூடியிருந்தும், ஒவ்வொரு தடவை சுட்டபோதும், ஒரு பயனும் இல்லாமல் அவன் இரு கைகளும் செல்போனின் மேல்விளிம்பை முன்னே சாய்த்துக்கொண்டேயிருந்தன. ஆட்டம் முடிந்ததும், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, அமைப்புகளுக்குள் போய் அதைத் திறந்துவைத்தான்.